முட்டாத இரண்டு முகடுகள்

“உந்த மெசினை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லு, பிள்ளை.”

பொன்னுத்துரை ஐயா இதைச் சொன்னபோது உரும்பிராயில் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கலவை மெசின் கடகடவென்று சுழன்றுகொண்டிருந்தது. செம்மண் புழுதி என் மூக்குக்கண்ணாடியில் இருந்தது, பல்லில் இருந்தது, மேசன்மாருக்கு வந்த தேத்தண்ணியிலும் மிதந்தது. அவரோ பாதி முடிந்த வீட்டின் பின்னறையில், முகட்டை அண்ணாந்து பார்த்தபடி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார். கச்சேரியில் பாட்டுக் கேட்கிறவர் பக்கத்துக் கதிரைக்காரரைக் கதையாமல் இரு என்று மறிப்பாரே, அப்படி.

“ஐயா, கலவை போட்டாச்சு. இப்ப நிப்பாட்டினால் இறுகிப்போம்” என்றேன்.

“இறுகட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்து முடித்த நாள் முதல் வீட்டுப் படம் கீறிப் பிழைக்கிறவள் நான். கலவையை இறுக விடச் சொன்ன மனிதரை அன்றுதான் கண்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் என் வாயால் வாங்கிக்கட்டியிருப்பார். ஆனால் அன்று அந்த மனிதர் ஓம் என்பாரா இல்லை என்பாரா என்று ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக்கு அவர் குடிவருவாரா, மாட்டாரா? விசயம் அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்த வீடே எழும்பியது.

மெசினை நிப்பாட்டினேனா என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கொள்கையைச் சொல்லவேண்டும். ஏனென்றால் அன்று உடைந்தது அதுதான்.

ஒரு வீட்டுக்கு ஒரு கூரை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு புடவைக்கடைக்கு மேலே என் அலுவலகம். படியேறி வருகிற எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி. அதற்குள் வீடுகள். மாமன் வீட்டுப் போட்டிக்கோ, மச்சாள் வீட்டு மாடிப்படி, எங்கேயோ ஒரு நாட்டில் எவரோ கட்டிய முகடு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வீடு கீறித் தரவேண்டும்.

ஒருவர் கனடாவிலிருந்து வந்தார். அங்கே பனி வழுக்கி விழவேண்டும் என்று செங்குத்தாகக் கட்டுகிற கூரை ஒன்றைக் காட்டினார்.

“அண்ணை, இஞ்சை பனி எங்கை கொட்டுது?” என்று கேட்டேன்.

“பனி கொட்டாட்டில் என்ன, பனங்காய் விழுந்தால் வழுக்கி ஓடுமல்லோ” என்றார்.

அவருக்குக் கீறிக் கொடுத்தேன். அந்த வீடு கொக்குவில் பக்கம் இன்றைக்கும் நிற்கிறது. பனங்காய் வழுக்கி ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் விழுந்ததாகக் கேள்வி.

ஒரு முழுக்கூரையைக் கேட்டால் நான் கீறுவேன். அது எந்த நாட்டுக் கூரையாக இருந்தாலும் சரி. ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாதிக் கூரையைப் பொருத்தச் சொன்னால்தான் எனக்குப் பிடிக்காது. ஒரு தலைக்கு ஒரு தொப்பி. அழகு ஒரு பக்கம் கிடக்கட்டும், ஒழுக்கு எங்கே பிறக்கிறது என்று எந்த மேசனையும் கேளுங்கள். இரண்டு கூரை சந்திக்கிற மூலையில்தான் பிறக்கிறது. மாரிமழைக்கு வாளி வைத்துக்கொண்டு இருக்க விருப்பமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். “உந்தப் பொம்பிளையின்ரை வாய்க்குப் பயந்து நேராய்க் கட்டின வீடுகள் கனக்க” என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய்யில்லை.

தாரணி கொண்டுவந்த படம்

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் தாரணியும் குகனும் வந்தார்கள். தாரணி புத்தூர்ப் பிள்ளை, என் ஊர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். குகன் வடக்குக் கரையில் பருத்தித்துறைப் பக்கத்தவன். படகு எஞ்சின் திருத்திய கை. இப்போது உரும்பிராய்ச் சந்தியில் தோட்டக்காரரின் தண்ணீர் மெசின்களைத் திருத்துகிறான். இரண்டு பேரும் விரும்பிக் கட்டினவர்கள். தாரணிக்குத் தாய் வழியாக உரும்பிராயில் ஒரு வளவுக் காணி சீதனமாக வந்திருந்தது.

அவள் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. பிள்ளைகள் கீறுகிற பெரிய தாளை மேசையில் விரித்தாள். வர்ணம் தீட்டிய வீடு. முன்பக்கம் புத்தூர் வீடுகள் போல் நாலு பக்கமும் தாழச் சரிந்த ஓட்டுக் கூரை. நடுவில் மிளகாய் காயப்போடத் தட்டையான கொங்கிறீற் பிளாற். பின்னால் இரண்டு பக்கமும் செங்குத்தாய்ச் சரிந்து வானத்தில் ஏறிய ஓர் உயரக் கூரை.

நான் தாளைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

“என்ன பிள்ளை, இது வீடோ, சந்தையோ?”

“வீடுதான் அக்கா” என்றாள். கோபம் வரவில்லை அவளுக்கு. “முன்பக்கம் எங்கடை. பின்பக்கம் மாமாவுக்கு.”

மாமா என்றது குகனின் தகப்பனை. பொன்னுத்துரை ஐயா. வாழ்நாள் முழுக்கக் கடலில் போய் வந்தவர். மனைவி செத்த பிறகு கரையோரத்து வீட்டில் தனியே இருந்தார். மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில். அண்மையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அயலட்டை கண்டு தூக்கும்வரை எழும்ப முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு குகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஒருக்கா எங்கடை வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்தனாங்கள்” என்றான் குகன். “ஒரு இரவுதான். விடிய முதல் பஸ்ஸிலை போயிட்டார்.”

“ஏனாம்?”

“சத்தமில்லையாம். கடல் சத்தம் இல்லாமல் கண் மூடேலாதாம். செத்தவீடு முடிஞ்ச அடுத்த நாள் மாதிரிக் கிடக்காம்.”

சொல்லிவிட்டு அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தாரணிதான் தொடர்ந்தாள்.

“கடலைக் கொண்டுவரேலாது, அக்கா. அவரின்ரை அறையையாவது கொண்டுவருவம் எண்டு பாக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து அந்த அறையைப் பாருங்கோ. பாத்திட்டு ஏலாதெண்டால் விடுங்கோ.”

மாமனாருக்காக ஒரு மருமகள் கூரை கீறிக்கொண்டு வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது அப்போதுதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கரையில் ஓர் அறை

போனேன். படலையைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் கடல். வாயைத் திறந்தால் உதட்டில் உப்புக் கரித்தது.

வெளியிலிருந்து பார்க்க அந்த வீடு பெரிதில்லை. உள்ளே அவருடைய அறைக்குள் போனதும் என் கழுத்துத் தானாக அண்ணாந்தது. சுவர் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேலே கைமரங்கள் இரண்டு பக்கத்தாலும் சரிந்து வந்து முகட்டில் கைகோத்து நின்றன. கவிழ்த்து வைத்த தோணிக்குள் நிற்பதுபோல் இருந்தது. முகட்டுக்குக் கீழே முக்கோணச் சுவரில் சாய்வாகப் பலகைகள் அடித்திருந்தார்கள். தூவானம் உள்ளே வராது, காற்று வரும். காற்றோடு கடலும் வந்தது. ஒவ்வோர் அலையும் அந்தப் பலகைகளுக்குள்ளால் புகுந்து, முகட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகுதான் கீழே இறங்கியது.

எத்தனை வீடு கீறியிருப்பேன். சத்தம் ஒரு வீட்டுக்குள் குடியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும்.

பொன்னுத்துரை ஐயா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். உடம்பு வற்றியிருந்தாலும் கை உறுதியாக இருந்தது.

“நல்லாய்க் கீறு, பிள்ளை” என்றார். “பிள்ளையள் சந்தோசமாய் இருக்கட்டும். நான் இஞ்சைதான். உவைக்குச் சொன்னால் விளங்குதில்லை.”

புத்தூர்ச் சாத்திரம்

கீறினேன். கொள்கையைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுக் கீறினேன். முன்கூரையும் பின்கூரையும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும்படி, ஒழுக்கு வராமல், மூலைக்கு மழைத்தண்ணீர் ஓடப் பீலி வைத்து, நானே மெச்சும்படி ஒரு படம் வந்தது.

அதைக் கெடுக்க வந்தவர் கந்தையா அண்ணை.

கந்தையா அண்ணை தாரணியின் தகப்பன். புத்தூரில் வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவர். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். படத்தைக் கையில் எடுத்தார், தலைகீழாகப் பிடித்தார், திருப்பினார், இரண்டு கூரையும் சேருகிற இடத்தில் விரலை வைத்தார்.

“உது சரிவராது.”

“என்ன சரிவராது?”

“முகடும் முகடும் முட்டக்கூடாது. முட்டினால் வீட்டிலை சண்டை ஓயாது.”

“எந்தச் சாத்திரத்திலை அண்ணை கிடக்கு?”

“சாத்திரத்திலை கிடக்கு.”

நான் விடவில்லை. கோயில் ஐயரைக் கேட்டேன். மனைப்பொருத்தம் பார்க்கிறவரைக் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சாத்திரம் எதில் இருக்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே இருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கந்தையா அண்ணை மகளின் விருப்பத்துக்கு ஓம் என்றவர்தான். கலியாணத்துக்குச் சால்வை போட்டுக்கொண்டு வந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தவர்தான். ஆனால் கரைப்பக்கத்துச் சம்மந்தி வீட்டில் அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததைக் கண்டவர் கிடையாது. ஒவ்வொரு முறையும் “இப்பதான் குடிச்சனான்” என்பார். எங்கள் ஊர்களில் இதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் விளங்கும். எல்லோரும் விளங்காததுபோல் இருப்போம்.

மகள் அந்தப் பக்கம் போய்விட்டாள். வளவு போய்விட்டது. தன் கூரையாவது அவர்களுடைய கூரையில் முட்டாமல் நிற்கட்டும் என்று அந்த மனிதர் பிடிவாதம் பிடித்தார். நான் கத்தினேன். “இடைவெளி விட்டால் மழை உள்ளுக்கு வரும், அண்ணை. காத்து அடிச்சு ஓட்டைக் கிளப்பும்.” அவர் அசையவில்லை.

கடைசியில் தாரணி சொன்னாள். “விடுங்கோ அக்கா. கூரை முட்டாட்டிலும் கீழை வாசல் கிடக்குத்தானே.”

அந்தப் பிள்ளைக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் படத்தைத் திருத்தினேன். முன்கூரையின் முகடு தாழ்ந்து ஓர் இடத்தில் நின்றது. அதற்குப் பின்னால் பிளாற்றுக்கு மேலே ஒரு கை நீட்டுகிற அளவு இடைவெளி. அதற்கப்பால் பின்கூரையின் முக்கோணச் சுவர், சாய்வுப் பலகைகளோடு, தனியே நிமிர்ந்து நின்றது.

ஒரே தகரத்துக்குக் கீழே

முகட்டுச் சண்டை பிடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபம் நினைவுக்கு வரும்.

சண்டைக் காலத்தில் ஊரோடு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் ஓடினோம். முதல் சில நாட்கள் ஒரு மாமரத்துக்குக் கீழே பொலித்தீன் கட்டி இருந்தோம். பிறகு அந்த மண்டபத்தில் இடம் கிடைத்தது. தகரக் கூரை. கீழே பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. என் தலைமாட்டில் ஒரு கரைப்பக்கத்துக் குடும்பம், கால்மாட்டில் சுன்னாகத்து வியாபாரி ஒருவரின் குடும்பம். மழை வந்தால் தகரம் போட்ட சத்தத்தில் ஒருவர் கதைப்பது ஒருவருக்குக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் கரைப்பக்கத்து அக்கா எங்கள் எல்லோருக்கும் ஒரே கேத்திலில் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். என் அப்பா வாங்கிக் குடித்தார். ஒருவரும் இப்பதான் குடிச்சனான் என்று சொல்லவில்லை.

அப்போது அண்ணாந்து படுத்துக்கொண்டு அந்தத் தகரத்தையே பார்ப்பேன். ஓட்டை வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். இவ்வளவு பேரை ஒரு தகரம் தாங்குகிறதே என்று பிரமிப்பாக இருக்கும். கூரை கீறப் படிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது அங்கேதான். ஊர் திரும்பியதும் எல்லோரும் தங்கள் தங்கள் முகட்டுக்குக் கீழே போய்விட்டார்கள். நானும்தான்.

ஊளை

வீடு எழும்பியது. ஓடு போட முதல், கைமரங்கள் மட்டும் நின்ற ஒரு காலையில் நான் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாழைத்தோட்டத்துக்கு மேலாகப் பார்த்தால் மூன்றும் தெரிந்தன. முன்னால் அடக்கமாக ஒன்று, நடுவில் தட்டையாக ஒன்று, பின்னால் அவ்வளவு உயரத்தில் ஒன்று. அசிங்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். வடிவாக இருந்தது. தெருவில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, “உது கோயிலோ?” என்று கேட்டார். “வீடு” என்றேன். “ஆரின்ரை வீடு?” என்றார். “எல்லாரின்ரையும்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஓடு போட்டு முடிந்த கையோடு சோளகம் தொடங்கியது. தென்மேற்குக் காற்று. தோட்டக்காரருக்கும் கடலோடிகளுக்கும் ஒரே பெயரில் தெரிந்த காற்று. அதோடு ஒரு சத்தமும் தொடங்கியது.

முதலில் தாரணிதான் தொலைபேசி எடுத்தாள். “அக்கா, பின்னேரத்திலை மேசன்மார் போனாப் பிறகு அந்தப் பக்கம் பேய் ஊதுற மாதிரிக் கிடக்கு. பயமாய்க் கிடக்கு.”

கந்தையா அண்ணை அதற்கு மேலே போனார். “ஊளை கேக்கிற வீட்டிலை குடிபூரேலாது” என்றார். புதுமனை புகுகிற அந்தக் குடிபூரலுக்கு நாளும் குறித்தாயிற்று. எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவெளியை விடச் சொன்னவர் அவர், அதற்குள் காற்றுப் புகுந்தால் அதற்கும் நானா பொறுப்பு? சரி, அடைப்போம் என்றேன். சாய்வுப் பலகைகளைக் கழற்றிவிட்டு அந்த முக்கோணத்தைக் கல்லால் கட்டி மூடுவது, இடைவெளிக்கு மேலே தகரம் போடுவது. மேசன் யோகன் ஏணியை வைத்தான், கல்லை அடுக்கினான், மெசினில் கலவையைப் போட்டான்.

அன்றைக்கென்று பார்த்துக் குகன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். குடிபூரலுக்கு முதல் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று. “பாத்திட்டு அடுத்த பஸ்ஸிலை போயிடுவன்” என்று சொல்லித்தான் அவர் வந்திருந்தார். முன்கூரைக்குக் கீழே கந்தையா அண்ணை எழும்பி நின்று, “வாங்கோ சம்மந்தி” என்றார். “ஓம், இருங்கோ” என்றார் அவர். அதோடு கதை முடிந்தது. தாரணி வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னறை வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் அவர் நின்றார். கையை உயர்த்தினார். மெசினை நிப்பாட்டச் சொன்னார்.

மெசின் நின்றது

நிப்பாட்டினேன். யோகன் என்னை ஏதோ விசர் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முதலில் ஒன்றுமில்லை. ஒரு காகம். தெருவில் ஓட்டோ ஒன்று போய் மறைந்தது. பிறகு தூரத்தில் வாழையிலைகள் சலசலத்தன. காற்று தோட்டத்தைக் கடந்து வந்து முன்கூரையின் ஓட்டில் ஏறுவது கேட்டது. அது முகட்டைத் தாண்டி அந்த இடைவெளிக்குள் விழுந்தது, எதிரே நின்ற முக்கோணச் சுவரில் மோதி, பலகைகளுக்குள்ளால் எங்கள் தலைக்கு மேலே புகுந்தது.

எப்படிச் சொல்வேன். எங்கேயோ தொலைவில் தொடங்கி, பெருத்துப் பெருத்து வந்து, முகட்டில் உடைந்து, சுவர் வழியே நுரைத்து இறங்கி, பின்வாங்கியது. ஒரு மூச்சு நேரம் அமைதி. திரும்பவும் தொலைவில் தொடங்கியது.

அறையின் நடுவில் கையில் அளவு நாடாவோடு நின்றேன். கண்ணை மூடினால் கரையில் அவருடைய அறைக்குள் நின்றேன். கண்ணைத் திறந்தால் உரும்பிராய், செம்மண், சீமெந்துப் பை. இந்தச் சத்தத்தை ஒருவரும் கீறவில்லை. நான் கீறவில்லை, தாரணி கீறவில்லை. தாழ்ந்த கூரை காற்றை ஏற்றிவிட்டது, உயர்ந்த கூரை அதை வாங்கிக்கொண்டது, நடுவில் அந்த இடைவெளி. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இது வந்திருக்காது. நாங்கள் தோட்டக்காரர். கடலுக்குப் பக்கத்தில் படுத்துப் பழகாதவர்கள். அதுதான் ஊளை என்று பயந்தோம்.

பொன்னுத்துரை ஐயா கையை இறக்கினார். நிலத்தில் கிடந்த பலகைத் தட்டில் மெல்ல உட்கார்ந்தார்.

“சோளகத்திலை எங்கடை கடல் இப்பிடித்தான்” என்றார், ஒருவரையும் பாராமல். “காத்துக் கரையிலை இருந்து வெளியாலை தள்ளும். அலை தள்ளித்தான் கேக்கும்.”

குகன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாரணி அவனைப் பார்க்கவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று அலை வந்து போனது.

“வாடைக்கு எப்பிடிக் கேக்குமோ தெரியேல்லை” என்றார் அவர். “இருந்து பாக்கவேணும்.”

வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வருவதற்கு இன்னும் மாதக்கணக்கில் கிடந்தது. குகன் சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டான். கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது, முகம் கழுவியிருப்பான்.

ஐயா தோளில் கிடந்த சால்வையை மடித்துத் தலைக்கு வைத்தார். சும்மா சரிந்து பார்ப்பதுபோல்தான் சரிந்தார். கடல் சத்தமில்லாமல் கண் மூடேலாது என்று விடிய முதல் பஸ் பிடித்த மனிதர், பட்டப்பகலில், சீமெந்துப் புழுதிக்குள், வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போனார்.

கலவைக்கு ஒரு வழி

யோகனுக்கு ஒன்றும் தெரியாது. கலவை இறுகுதே என்ற அந்தரத்தில் வெளியே ஏணியில் ஏறி, முதல் பலகையைக் கழற்றச் சுத்தியலை ஓங்கினான்.

கந்தையா அண்ணை ஓடின ஓட்டத்தை நான் அன்றுதான் கண்டேன். முன்விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை வாயில் வைத்து, சத்தம் வராமல் யோகனை அதட்டினார்.

“இறங்கடா கீழை.”

“ஐயா, கலவை?”

“கொண்டுபோய்க் கிணத்துக் கட்டுக்குப் போடு. வழுக்காமல் சொரசொரப்பாய்ப் போடு. அந்த மனிசன் விழுந்தெழும்பின ஆள்.”

கலவையை வாளி வாளியாகக் கையால் சுமந்தார்கள். மெசினைத் திரும்பப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் குரல் நாலு வளவுக்குக் கேட்கும் என்று ஊருக்கே தெரியும். அன்று பின்னேரம் வரை நான் கையால்தான் கதைத்தேன்.

கந்தையா அண்ணை மதிலடியில் என்னை மறித்தார். வெங்காயம் கிண்டிய விரல்களால் சாரத்து முடிச்சை அவிழ்த்தார், கட்டினார்.

“பிள்ளை, அந்த இடைவெளியை நான்தானே விடச் சொன்னது.”

“ஓம், நீங்கள்தான்.”

“ஏன் விடச் சொன்னனெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதை.”

ஒழுக்கும் தேத்தண்ணியும்

ஒழுகும் என்று நான் சொன்னேன். ஒழுகியது. முதல் மாரியில் அந்த இடைவெளியால் மழை அடித்துப் பின்னறைச் சுவர் நனைந்தது. பீலி வைத்து, பலகைக்குள்ளால் வருகிற தண்ணீரை வெளியே விட வழி பண்ணிக் கொடுத்தேன். என் கொள்கையில் பாதி இன்னும் சரி என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

வாடைக்கு அந்தக் கூரை சரியாகக் கேட்கவில்லையாம். “வாடைக் கடலுக்கு ஒரு ஆங்காரம் இருக்கு. அது இதிலை இல்லை” என்று பொன்னுத்துரை ஐயா குறை சொன்னார். குறை சொல்லிக்கொண்டே இருந்தார். போகவில்லை.

போன சோளகத்தில் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். படலையடியில் கந்தையா அண்ணையின் மோட்டார் சைக்கிள் நின்றது, பின்னால் வெங்காய மூட்டை. தாரணி வாயில் விரலை வைத்து என்னை உள்ளே கூட்டிப்போனாள். உயரக் கூரைக்குக் கீழே இரண்டு பாய். ஒன்றில் பொன்னுத்துரை ஐயா சரிந்து கிடந்தார். மற்றதில் கந்தையா அண்ணை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை, இரண்டும் வெறுமை. மேலே கடல் வந்து வந்து போனது.

ஐயா ஒரு கண்ணைத் திறந்தார். நித்திரையில்லை. இந்த வீட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதட்டோ என்று மெல்லக் கேட்டேன்.

“எழுது, எழுது.”

“எல்லாத்தையும் எழுதினால் சில பேருக்கு மனம் நோகும், ஐயா.”

அவர் முகட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பாயைப் பார்த்தார்.

“உந்த இடைவெளியை ஏன் விட்டவரெண்டு, குகன் படத்தைக் காட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும், பிள்ளை. அவரிட்டைச் சொல்லிப்போடாதை. பாவம், நல்லாய் நித்திரை கொள்ளுறார்.”